நடக்காத போருக்கு அடிக்குறிப்பு

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

வடக்கு கோவாவில் பிச்சோலிம் என்று ஓர் ஊர் உண்டு. 1640-41இல் அந்தப் பக்கம் போர்த்துக்கீசியருக்கும் மராத்தியப் பேரரசுக்கும் பெரிய போர் நடந்து, உடன்படிக்கையில் முடிந்ததாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007 ஜூலையில் ஏறிய கட்டுரை சொன்னது இது. ஏறத்தாழ 4,500 சொற்கள். வரிக்கு வரி அடிக்குறிப்பு, கீழே நூல்பட்டியல். இரண்டே மாதத்தில் 'நல்ல கட்டுரை' என்ற தகுதியும் கிடைத்துவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஜம்மென்று இருந்தது. 2012 டிசம்பரில் நீக்கினார்கள். அப்படி ஒரு போர் நடக்கவே இல்லை. ஆதாரமாகக் காட்டிய நூல்களும் கற்பனை.

சிவாஜி பிறந்தது 1630இல், முடிசூடியது 1674இல். 1640இல் அவருக்குப் பத்து வயது. அப்புறம் எந்த மராத்தியப் பேரரசு போய்ச் சண்டை போட்டது? பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டிருக்கும். ஆனால் தகுதி கொடுத்தவர் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை, கட்டுரையை ஒழுங்காகப் படித்துத்தான் கொடுத்திருப்பார். நடை சரி, அமைப்பு சரி, அடிக்குறிப்பு நிறைய. அந்த நூல் எந்த அலமாரியிலாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆள் இல்லை.

'யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதனால் நம்ப முடியாது' என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய கவலை இல்லை. ஒருவர் வசைச்சொல் எழுதினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் இன்னொருவர் அழித்துவிடுவார். தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வரும் பொய்தான் தங்கிவிடுகிறது. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு நடப்பவர்களும் உண்டே! இங்கேயும் பக்கத்தில் இருப்பவர் சரிபார்த்திருப்பார் என்றே ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. தென் அமெரிக்காவில் கோட்டி என்றொரு விலங்கு இருக்கிறது. 2008இல் ஓர் அமெரிக்க மாணவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் அதற்குப் 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்று விளையாட்டாக ஒரு பெயரைச் சேர்த்துவிட்டார். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்க விலங்கு, இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பிரிட்டிஷ் நாளிதழ்கள் அந்தப் பெயரை எடுத்து எழுதின. பிறகு அச்சில் வந்ததே அந்தப் பெயருக்கு ஆதாரமாகிவிட்டது. நான் சொன்னேன் என்று நீ சொல், நீ சொன்னாய் என்று நான் சொல்கிறேன். அந்தக் கதைதான்.

ஆள் குறைந்த மொழியில் இது இன்னும் சிக்கல். ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் 20,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதியவருக்கு ஸ்காட்ஸ் தெரியாது! அமெரிக்க இளைஞர் அவர். அகராதியைப் பார்த்து ஆங்கில வாக்கியத்தில் சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டே போயிருக்கிறார். 2020 ஆகஸ்டில்தான் விஷயம் வெளியே வந்தது. கெட்ட எண்ணம் துளியும் இல்லை, பாவம், ஆர்வம்தான். தட்டிக்கேட்க அந்த மொழிக்காரர்கள் போதுமான அளவு அங்கே இல்லை.

நம் வீட்டுக்கு வருவோம். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதில் ஊர்ப் பக்கங்கள் பல, தானியங்கி நிரல் வைத்து மொத்தமாக ஏற்றியவை. 2001 கணக்கெடுப்பின் மக்கள்தொகையைச் சொல்லிவிட்டு, இந்த ஊரின் கல்வியறிவு 'தேசிய சராசரியான 59.5 சதவீதத்தைவிடக் கூடியதே' என்று ஒரு வரி வரும். அந்தக் 'கூடியதே'யை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் 2001 கணக்கெடுப்பு சொன்ன தேசிய அளவு 64.8. ஓர் ஊர் 62 என்றால் உண்மையில் அது சராசரிக்குக் கீழே, பக்கத்தில் மட்டும் மேலே. இதைத் திருத்த யாருக்கும் தடையில்லை, 'தொகு' என்பதை அழுத்தினால் போதும். ஓர் ஊரைத் திருத்திவிட்டுப் பக்கத்து ஊரைத் திறந்தால், அங்கேயும் அதே 59.5, அதே 'கூடியதே'.