டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ்: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

வணக்கம் மக்களே. மேஜையில் இரண்டு பாட்டில் இருக்கிறது பாருங்கள். இரண்டிலும் டயர் ஷைன் என்றுதான் போட்டிருக்கிறது. ஒன்று பால் நிறம். இன்னொன்று தெளிவாக இருக்கிறது, மூடியைத் திறந்தால் பெயின்ட் கடைக்குள் நுழைந்த வாசனை வருகிறது.

இரண்டு டம்ளர் தண்ணீரில் ஆளுக்கொரு சொட்டு விடுகிறேன். வெள்ளை உடனே கலங்கிப் பரவிவிட்டது, அது வாட்டர் பேஸ்டு, அதாவது தண்ணீர் அடிப்படையில் செய்தது. தெளிவானது மேலே படலமாக மிதக்கிறது. அது சால்வென்ட் பேஸ்டு. அதாவது, மண்ணெண்ணெய்க்கு உறவுக்காரனான ஒரு கரைப்பானில், பளபளப்பு தரும் சிலிகானைக் கலந்து அடைத்திருக்கிறார்கள். கடையில் நின்றுகொண்டு இந்தச் சோதனையெல்லாம் செய்ய முடியாது. லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பெட்ரோலியம் டிஸ்டிலேட், நாப்தா என்று இருந்தாலோ, தீச்சுடர் படம் போட்டிருந்தாலோ திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

நிறைய பேர் சிலிகானைத்தான் வில்லன் என்கிறார்கள். என் கணக்கில் சிலிகான் பாவம், ரப்பரோடு அது பெரிதாக வம்பு பண்ணுவதில்லை. வம்பு பண்ணுவது அதைச் சுமந்து வரும் கரைப்பான்தான்.

ஏன் என்றால், டயர் வெறும் ரப்பர் இல்லை. வெயிலைத் தாங்க கார்பன் பிளாக் என்ற கரித்தூள் சேர்த்திருப்பார்கள், கறுப்பு நிறமே அதனால்தான். காற்றில் இருக்கும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும். அதைத் தடுக்க மெழுகும் ஓசோன் எதிர்ப்பு ரசாயனமும் உள்ளே கலந்திருக்கும். வண்டி ஓட ஓட, டயர் நெளிய நெளிய, இவை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து ஒரு படலமாக நிற்கும். டயர் ஓரம் பழுப்பாகத் தெரிகிறதே, அது பெரும்பாலும் இந்தப் படலம்தான். கரைப்பான் பட்டால் அது கரைந்து போய்விடும். பளபளப்பு கிடைக்கும், உள்ளே இருந்த காவல் குறையும். ஓடாமல் நிற்கும் வண்டியின் டயர் சீக்கிரம் வெடிப்பு விடுவதற்கும் இதுவே ஒரு காரணம்: நெளியாததால் மெழுகு மேலே வராது.

இந்த ஓசோன் எதிர்ப்பு ரசாயனத்தில் ஒன்றின் பெயர் 6பிபிடி. டயர் தேய்ந்த தூளில் இருக்கும் இது ஓசோனோடு சேர்ந்து வேறொரு பொருளாக மாறி, மழைநீரோடு ஓடைக்குப் போய், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். நம் பாட்டிலுக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனாலும் டயர் கழுவிய தண்ணீரைக் கிணற்றடியிலோ வாய்க்கால் ஓரத்திலோ விடாதீர்கள்.

அப்புறம் நம்ம ஊர் வாட்டர் வாஷ் கடை. "அடியில டீசல் அடிச்சிரலாமா அண்ணே?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வண்டிக்கு அடியில் பாகங்கள் இணையும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களில் பல, எண்ணெய் பட்டால் ஊதிப்போய் மெத்தென்று ஆகிவிடும். கதவு ஓர பீடிங் ரப்பருக்கும் அதே கதிதான். அது கிறீச்சிட்டால் சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

சரி, உள்ளே வருவோம். வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டு 70 டிகிரியை எளிதாக நெருங்கிவிடும். முன் கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, பெரும்பாலான புற ஊதாக் கதிரை அதுவே பிடித்துக்கொள்ளும். பக்கக் கண்ணாடி அந்த அளவுக்குப் பிடிக்காது. அதனால் "யூவி பாதுகாப்பு" என்று போட்டு விலையை ஏற்றியிருக்கும் பாலிஷைவிட, முன் கண்ணாடிக்கு ஒரு சன் ஷேட் வாங்குவது எனக்கு நியாயமாகப் படுகிறது. சூட்டைக் குறைக்க எந்தப் பாட்டிலாலும் முடியாது. பூசித்தான் ஆவேன் என்பவர்களுக்கு, 303 ஏரோஸ்பேஸ் புரொடெக்டன்ட் மாதிரி தண்ணீர் அடிப்படையில் வருவதைச் சொல்வேன். பூசியது தெரியாத அளவுக்கு மங்கலாக நிற்க வேண்டும். டேஷ்போர்டு மின்னினால் மதிய வெயிலில் அதன் பிம்பம் முன் கண்ணாடியில் விழுந்து கண் கூசும். எண்ணெய்ப் பாலிஷ் சூட்டில் ஆவியாகிக் கண்ணாடியிலும் படியும். இரவில் எதிர் வண்டி லைட் பட்டால் வெள்ளையாகப் பூத்துக் காட்டும்.

ஸ்டீயரிங், பெடல், கியர் நாப், ஃப்ளோர் மேட், இவற்றில் பாலிஷே வேண்டாம், வழுக்கும். ஈரத் துணி போதும்.

டச் ஸ்கிரீனில் வீட்டுக் கண்ணாடி கிளீனரை அடிக்காதீர்கள். அதில் அமோனியா இருந்தால் திரையின் மேல்பூச்சு போய்விடும். சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை லேசாக நனைத்துத் துடையுங்கள். எதையும் துணியில்தான் அடிக்க வேண்டும், ஸ்விட்ச் மேல் நேரடியாக வேண்டாம்.

சீட் பற்றி ஒன்றுதான். நம்மில் பலருடைய "லெதர்" சீட் கவர் ரெக்சின்தான். லெதர் கண்டிஷனர் அதற்குள் இறங்காது, மேலேயே பிசுபிசுத்து தூசியைப் பிடிக்கும். மென்மையான ஷாம்பு போட்ட தண்ணீரே போதும். கை சானிடைசர் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள். சீட் பெல்ட்டுக்குப் பிளீச்சோ கரைப்பானோ கூடாது, இழை பலவீனமாகிவிடும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் காயவிட்டு, பிறகு உள்ளே விடுங்கள்.

கடைசியாகப் பூசும் முறை. முதலில் பிரஷ் போட்டு டயரைத் தேய்த்துக் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். பாட்டிலை டயர் மேல் பீய்ச்சாமல் ஸ்பாஞ்சில் எடுங்கள். பக்கவாட்டில் மட்டும் மெல்லிசாக. ரோட்டில் படும் பட்டைப் பகுதியிலும் பிரேக் டிஸ்க்கிலும் ஒரு சொட்டுகூட விழக்கூடாது. கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தைத் துணியில் ஒற்றி எடுத்த பிறகுதான் வண்டியை எடுங்கள், இல்லாவிட்டால் கதவெல்லாம் தெறிக்கும்.

பைக் டயருக்கு எது அடிக்கலாம் என்று எல்லா வீடியோவிலும் யாராவது கேட்கிறீர்கள். எதுவும் வேண்டாம். வளைவில் சாயும்போது டயரின் ஓரம்தான் ரோட்டைப் பிடிக்கிறது. சோப்புத் தண்ணீர், பிரஷ், முடிந்தது.