செவலைப் பசு ஈன்றதா?

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் ஆச்சிமார் உட்கார்ந்திருப்பதால் கொஞ்சம் பயத்தோடுதான் ஆரம்பிக்கிறேன். தப்பாக ஏதும் சொன்னால் அங்கேயே திருத்திவிடுவார்கள்.

நம் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டு நிலைக்கதவும் எனாமல் தூக்கும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கின்றன. சில வருஷங்களுக்கு முன்னால் அங்கே ஒரு கடையில், தகரப் பெட்டி நிறையப் பழைய படக் கார்டுகளைப் பார்த்தேன். ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சென்னை மவுண்ட் ரோடு. விலை கேட்டேன். "எழுதாத கார்டு நூத்தம்பது, எழுதினது அறுபது" என்றார் கடைக்காரர். ஏன் அப்படி என்றதற்கு, "அதுல கிறுக்கி வச்சிருக்காங்கள்ல சார்" என்றார். அந்தக் கிறுக்கலைத்தான் அறுபது அறுபதாகக் கொடுத்து வாங்கி வந்தேன். இன்றைக்குப் பேச வந்திருப்பதும் அதைப் பற்றித்தான்.

வரலாற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். அஞ்சல் அட்டை முதலில் வந்தது 1869இல், ஆஸ்திரியா-ஹங்கேரியில். நம் நாட்டுக்கு 1879 ஜூலை 1ஆம் தேதி வந்தது. விலை காலணா. அது படமில்லாத சர்க்கார் கார்டு. படக் கார்டு பெருகியது 1900ஐ ஒட்டித்தான். சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ், ரங்கூனில் அஹுஜா என்று வியாபாரிகள் வெளியிட்டார்கள். அதில் நிறைய ஜெர்மனியில் அச்சாகி வந்தவை. ஆரம்பத்தில் பின்பக்கம் முழுக்க விலாசத்துக்கே. சேதி எழுத வேண்டுமென்றால் படத்தின் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல எழுத வேண்டும். 1902இல் பிரிட்டன் விலாசப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, பாதியில் சேதி எழுதிக்கொள்ளலாம் என்றது. மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாக அதே வழிக்கு வந்தன. நடுவில் அந்தக் கோடு விழுந்த பிறகுதான் மனிதர்கள் மூச்சு விட்டு எழுதினார்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம். பர்மா 1937 வரை இந்திய நிர்வாகத்துக்குள் இருந்தது. அதனால் ரங்கூனிலிருந்து கடல் தாண்டி வரும் கார்டுக்கும் உள்நாட்டுக் கட்டணம்தான். 1922இல் அரையணா ஆகும்வரை காலணா. ரங்கூன் மொகல் தெருவில் நம் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த கிட்டங்கியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த உதவியாளான அடுத்தாளுக்கும், எடுபிடியான பெட்டியடிப் பையனுக்கும் இது எவ்வளவு பெரிய வசதி! கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போனால் ஊர் திரும்ப மூன்று வருஷம். வட்டி, உண்டியல் என்கிற பணமாற்றுச் சீட்டு விவகாரமெல்லாம் ஒட்டிய உறைக்குள் போகும். கார்டில் வீட்டுச் சமாசாரம் வரும்.

என் கையில் இருப்பது கடையில் வாங்கியதல்ல, எங்கள் வீட்டுக் கார்டு. அப்பச்சியை, அதாவது என் அப்பாவைப் பெற்ற ஐயா தன் ஆத்தாளுக்கு எழுதியது. முன்னால் வண்ணத்தில் ஷ்வேடகன் பகோடா, தங்கமாக மின்னுகிறது. பின்னால் பகோடாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மேலே ஒரு 'உ'. நானும் கூட உள்ளவர்களும் சௌக்கியம். ஆள் வசம் கொடுத்தனுப்பிய மாவுருண்டை வந்தது, பாதி தூளாகிவிட்டது. கிழக்குப் பத்தியில் ஓடு மாற்றியாயிற்றா? செவலைப் பசு ஈன்ற விவரம் எழுதவும். வீட்டில் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். மற்றவை பின்னால்.

அந்த 'வீட்டில்' யார் என்று உங்களுக்குத் தெரியும். என் அப்பத்தா. அப்போது மாசமாக இருந்தார். பசுவின் பேறுகாலத்தை விவரமாகக் கேட்ட மனிதருக்கு, பெண்டாட்டியைப் பற்றி அவ்வளவுதான் எழுத முடிந்தது. கார்டு திறந்த காகிதம் அல்லவா! தபால்காரர் படிப்பார். முகப்பில் வைத்துப் பள்ளிக்கூடம் போகும் பையன் ஒருவன் சத்தமாக வாசிப்பான், பங்காளிகள் கேட்பார்கள். இரண்டாம் கட்டுக் கதவுக்குப் பின்னால் அப்பத்தா நின்று கேட்டிருப்பார். அந்த ஒரு வரிக்காகவே ஐயா மாவுருண்டையையும் ஓட்டையும் பசுவையும் முன்னால் அனுப்பினார் என்று எனக்குத் தோன்றும். பேரன் என்பதால் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேனோ என்னவோ.

தபால்தலை ஒட்டிய மூலையை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கிழித்துவிட்டார்கள். முத்திரைத் தேதியும் அதோடு போயிற்று. ஆனால் விலாசத்தில் 'ராம்நாட் ஜில்லா' என்றிருக்கிறது. அந்த ஜில்லா உண்டானது 1910இல்; அதற்கு முன் நாம் மதுரை ஜில்லா. உள்ளே 'பரிதாபி வருஷம் தை' என்று ஐயாவே எழுதியிருக்கிறார். ஆக, 1913ஆம் வருஷத் தொடக்கம். அறுபது வருஷம் கழித்து இன்னொரு பரிதாபி வந்தது உண்மைதான், ஆனால் அப்போது ரங்கூனில் நம் கடையும் இல்லை, ஐயாவும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று, ஏனென்றால் அந்தக் காலத்துக் கையெழுத்தில் புள்ளி கிடையாது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும்.

கார்டின் நடுவில் ஓர் ஓட்டை இருக்கிறது, பாருங்கள். சேகரிப்பவர்கள் இதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். எனக்கு இந்த ஓட்டை பிடிக்கும். வந்த கார்டை வளைந்த கம்பியில் குத்தி ஆணியில் மாட்டிவைத்த அடையாளம் அது. கம்பிக்குப் போகாத கார்டும் உண்டு. சாவுச் சேதி வந்தால் வாசித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். அதனால்தான் பழைய கட்டுகளைப் பிரித்தால் எல்லோரும் சௌக்கியமாகவே இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒருவருமே சாகவில்லையோ என்று நினைக்கத் தோன்றும்!

இங்கிருந்து போன பதில்கள் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவை ரங்கூன் கம்பியில் தொங்கியிருக்கும். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர்கள் கடுதாசிக் கட்டையா தூக்கி வந்திருப்பார்கள்? எங்கள் பெரிய அயித்தை அந்தப் பங்குனியில் பிறந்தது எனக்குத் தெரியும். செவலைப் பசு ஈன்றதா என்பது இன்றுவரை தெரியாது.

சரி, கார்டை முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன். எழுத்துப் பக்கம் மேலே இருக்கட்டும். ஆச்சி, கண்ணாடி கொண்டுவராவிட்டால் பக்கத்தில் இருக்கும் பையனை வாசிக்கச் சொல்லுங்கள். சத்தமாகவே வாசிக்கட்டும்.