காது அறுந்த பம்பர்

நேயர்களுக்கு வணக்கம்.

காரின் முன்பம்பர் ஒரு பக்கம் இறங்கி, சக்கர வளைவின் ஓரத்தில் விரல் நுழையும் சந்து விட்டிருக்கும். பம்பர் முழுசாகத்தான் இருக்கும். ஸ்குரூ பிடிக்கும் காது மட்டும் கிழிந்திருக்கும். மோதினால்தான் இப்படி ஆகும் என்பதில்லை. வண்டியை நிறுத்தும்போது பம்பரின் அடி விளிம்பு தடுப்புக்கட்டையைத் தாண்டிப் போய்விடும். பின்னால் எடுக்கும்போது அதே விளிம்பு கட்டையில் மாட்டிக்கொள்ள, காது பிய்ந்துவிடும்.

உடனே பசையைத் தேடுகிறோம். நானும் தேடினேன், இரண்டு வாரத்தில் காய்ந்த பசை அப்பளம்போல் உரிந்து கையோடு வந்தது. பம்பரின் உட்புறத்தில் பொருளின் பெயர் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கின் கலவைதான். சாதாரணப் பசை எதுவும் அதன்மேல் பிடிக்காது. அதை உருக்கித்தான் ஒட்ட வேண்டும்.

பம்பரைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். விரிசல் முடியும் புள்ளியில் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் அது மேலும் ஓடாது. பிறகு உட்புறத்தில் துருப்பிடிக்காத எஃகு வலையை வைத்து, சால்டரிங் அயர்னால் மெதுவாக அழுத்துங்கள். வலையின் கண்களில் பிளாஸ்டிக் பிதுங்கி மேலே வரும். அந்த அளவுச் சூடு போதும். புகைந்தால் கருகுகிறது என்று பொருள். கருகிய இடத்துக்கு வலு இல்லை. வலைமேல் அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி மூடிவிடுங்கள். எல்லாம் திறந்த வெளியில், பெயின்ட் பக்கம் சூடு தாக்காமல் நடக்கட்டும். பம்பருக்குப் பின்னால் ரேடார் உள்ள வண்டியென்றால், அதன் முன்னால் எந்த உலோகமும் வரக்கூடாது.

காதே காணாமல் போயிருந்தால் நான் வலையோடு மல்லுக்கட்டுவதில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டைப் பின்னால் வைத்து ரிவெட் அடித்து, அதில் துளை போட்டுவிடுவேன். பார்வைக்கு அழகில்லைதான், உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள்?

காதில் ஸ்குரூ நுழையும் துளையின் வடிவத்தில்தான் நான் ஏமாந்தேன். சில துளைகள் நீள்வட்டமாக இருக்கும். தேய்ந்து அகன்றுவிட்டதோ என்று நினைத்து, ஒன்றை நிரப்பி வட்டமாக்கி, ஸ்குரூவை இறுக்கிவிட்டேன். வெயில் ஏறியதும் பம்பர் நடுவில் புடைத்துக்கொண்டது. சூட்டில் பிளாஸ்டிக், இரும்பைவிடப் பல மடங்கு விரியும்; அது நகர்வதற்கு விட்ட இடத்தை நான் அடைத்திருந்தேன். அரத்தால் ராவி மறுபடி நீள்வட்டமாக்கினேன். அகன்ற வாஷர் போட்டு, கையால் முடுக்கி, கடைசியில் கால் சுற்று மட்டும் ஸ்குரூ டிரைவரால் திருப்பினேன். இப்போது விளிம்பைக் கட்டைவிரலால் தள்ளினால் ஒரு நூல் அளவு நகர்ந்து திரும்புகிறது.