தட்டினால் ஓடும் கார்

வணக்கம் நேயர்களே.

மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் காரை வைத்திருப்பவனிடம் தெருவில் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள். "உது இன்னும் ஓடுதோ?" என்பது ஒன்று. ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, எஞ்சின் சூடு ஆறும் முன்னமே இதைக் கேட்பார்கள். "விற்கிற எண்ணம் இருக்கோ?" என்பது மற்றது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் கேட்டதும் உண்டு.

இந்தக் காரோடு அலைந்த கதைகளைச் சொல்லும்படிதான் நிலையத்தார் என்னை அழைத்தார்கள். காரைப் பற்றி எதுவும் சொல்லாமல் அதன் கோளாறுகளை மட்டும் சொன்னால் அது கோள் சொன்னதாகிவிடும். ஆகவே முதலில் கொஞ்சம் வரலாறு.

மைனர் 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்பாடு மினி காரையும் அவர்தான் வடிவமைத்தார். வேலையெல்லாம் முடியப்போகிற நேரத்தில் கார் ஒடுக்கமாக இருக்கிறதே என்று அவருக்கு மனதில் பட்டிருக்கிறது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, கண்ணுக்குச் சரியாகப் படும்வரை விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் கூடியது. மைனரின் பொனற் நடுவில் தட்டையாக ஒரு பட்டி ஓடுமே, அது அந்த நான்கு அங்குலம்தான். பம்பர்கள் முன்னமே அடித்து வைக்கப்பட்டிருந்ததால் அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுப்போட்டு விற்றார்கள். கம்பனித் தலைவர் நஃபீல்ட் பிரபுவுக்குக் காரைப் பிடிக்கவில்லை. உடைத்து ஊற்றி அவித்த முட்டைபோல இருக்கிறது என்று சொன்னாராம். அந்த முட்டைதான் 1960 முடிவில் பத்து இலட்சத்தைத் தாண்டியது. அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் அதுவே.

என்னுடையது 1960ஆம் ஆண்டு மைனர் 1000. எஞ்சின் 948 சிசி. இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ இருக்கிறது. 1957இல் அந்த எழுத்து வந்தபோது வடக்கில் அதற்குப் பதிலாகத் தமிழில் ஸ்ரீ எழுதிக்கொண்டு வாகனம் ஓட்டினார்கள். அது தனியே ஓர் உரைக்கான விஷயம், இங்கே விட்டுவிடுகிறேன்.

சரி, இந்தக் கார்கள் யாழ்ப்பாணத்தில் ஏன் இவ்வளவு காலம் நின்றன? ஐம்பதுகளில் மைனரும் ஒஸ்ரின் ஏ40 என்ற இன்னொரு பிரித்தானியக் காரும் தாராளமாக இறங்கின. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுக்கப்பட்டது. இருந்த காரைத்தான் திருத்தித் திருத்தி ஓட வேண்டியிருந்தது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் தெற்கில் ஜப்பான் கார்கள் நிரம்பின. இங்கே அந்த மாற்றம் முழுதாக நடப்பதற்குள் போர் வந்துவிட்டது.

1990இல் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலர் அப்படிச் சுற்றியிருப்பீர்கள். அந்த நேரத்தில் இந்தக் கிழட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எப்படி ஓடின என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இப்போதைய பிள்ளைகள் இதைக் கட்டுக்கதை என்று நினைக்கிறார்கள்.

பெற்றோல் குளிரிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். அதனால் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை மண்ணெண்ணெயில் எழுப்ப முடியாது. சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் பதுக்கி வைத்த பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் சில துளி விட்டு, அந்தத் துளிகளில் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். மைனரிலும் ஏ40இலும் காற்றும் எரிபொருளும் உள்ளே போகும் குழாயும் புகை வெளியே போகும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டினாற்போல இருக்கின்றன. புகைக் குழாய் சூடேறினால் உள்ளே போகும் குழாயும் சூடேறும். பெற்றோல் துளிகள் தீர்வதற்குள் அந்தச் சூடு வந்துவிட்டால் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். வராவிட்டால் மறுபடியும் போத்தலை எடுக்க வேண்டியதுதான். இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்து எஞ்சினில் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் அமுக்கப்படும் அளவு, குறைவு. பழைய ஏ40இல் ஏழுக்கு ஒன்று என்ற அளவுதான். தரம் குறைந்த எரிபொருளைப் போட்டாலும் எஞ்சின் உள்ளே பெரிதாக இடிக்காமல் தாங்கியது. இப்போதைய காருக்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும் என்று பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

பற்றரிக்குப் பதில் ஹாண்டில். முன் பம்பருக்கூடாக இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவது. சுற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால், கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் பெருவிரல் முறிந்துவிடும். ஹையர் ஓடிய அண்ணைமார் எல்லோருக்கும் இது தெரியும். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவர்கள் ஓடினார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியாக ஒழுகி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும், அதனால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒயிலுக்கும் தட்டுப்பாடு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி என் பயணத்துக்கு வருகிறேன். போர் முடிந்து, யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ9 பாதை திறந்த பிறகு மைனரிலேயே நுவரெலியா போக வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. வீட்டில் யாரும் கூட வரச் சம்மதிக்கவில்லை. மருமகன் மட்டும் வந்தான். வழியில் நின்றால் பஸ் ஏறித் திரும்பிவிடுவேன் என்ற நிபந்தனையோடு.

மாங்குளம் தாண்டியதும் நின்றது. மைனரில் பெற்றோல் பம்பு மின்சாரத்தில் இயங்குவது, பொனற்றுக்குள் எஞ்சினுக்குப் பின்சுவரில் இருக்கும். சாவியைத் திருப்பினால் டிக், டிக் என்று அடித்து, கார்புரேற்றர் நிறைந்ததும் நிற்கும். அன்று சத்தமே இல்லை. பம்புக்குள் இரண்டு சின்னத் தொடுமுனைகள் உண்டு, அவை கருகினால் மின்சாரம் பாயாது. உடனடி வைத்தியம், ஸ்பானர் பிடியால் பம்பில் ஒரு தட்டு. தட்டினேன், அடிக்கத் தொடங்கியது. கொஞ்சத் தூரம் போய் நின்றது. மறுபடியும் இறங்கித் தட்டினேன். தெருவோரம் சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, ஏன் உதைப் போட்டு அடிக்கிறியள்? பேசினால் காணாதோ?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டு அவரே உள்ளே போய் அரத்தாள் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பம்பின் மூடியைக் கழற்றி, தொடுமுனைகளைத் தேய்த்தோம். அதற்குப் பிறகு அந்தப் பயணம் முழுக்கத் தொடுமுனைகள் என்னோடு முரண்டு பிடிக்கவில்லை. மருமகனும் பஸ் ஏறவில்லை.

ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வேறு விதமான வில்லங்கம். மைனரின் பிறேக் ஒயில் தொட்டி சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. கால்மிதி விரிப்பைத் தூக்கி, தகட்டிலுள்ள மூடியைக் கழற்றித்தான் ஒயில் விட வேண்டும். விரிப்பைத் தூக்கிப் பார்த்த இளம் சிப்பாய்க்கு அந்த மூடி பெரிய கண்டுபிடிப்பாகிவிட்டது. என் அரைகுறைச் சிங்களம் அவனுடைய சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. கடைசியில் வயதான ஒரு சார்ஜன்ட் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தன் ஊரில் இப்படி ஒரு கார் இருந்தது என்று சொல்லி, மூடியை அவரே திருகிப் பூட்டிவிட்டார்.

கண்டி கடந்து றம்பொடை ஏற்றம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்றால் பாலம்தான். மைனரின் முதலாவது கியருக்குச் சிங்ரோ, அதாவது பற்களை உரசாமல் பொருத்தும் அமைப்பு, கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்கினால் பல்லோடு பல் உரசி அலறும். கொண்டையூசி வளைவில் பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்க, கிளச்சை இரண்டு தடவை மிதித்து, இடையில் அக்சிலறேற்றரைக் கொஞ்சம் அமத்தி, பல்லைப் பொருத்த வேண்டும். பொருந்தினால் அதைப்போல ஒரு சுகம் இல்லை.

பாதி வழியில் பம்பு பைத்தியம் பிடித்ததுபோல டிக்டிக்டிக் என்று வேகமாக அடித்தது. சத்தம் இருக்கிறது, பெற்றோல் போகவில்லை. சூட்டில் குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகி, பம்பு வெறும் ஆவியைத் தள்ளிக்கொண்டிருந்தது. தேத்தண்ணிக் கடை வாசலில் ஒதுக்கினோம். கடைக்காரர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். "அவசரப்படாதீங்க சார். இந்த ரோட்டுல லொறியே மூச்சு வாங்கும்" என்றார். ஈரச் சாக்கைப் பம்பின் மேலும் குழாயின் மேலும் போட்டு, இரண்டு பிளேன்ரீ குடித்து முடிக்க, கார் ஆறியிருந்தது. இறங்கும்போது பிறேக்கை நம்பாமல் இரண்டாம் கியரிலேயே விட்டேன். நான்கு சக்கரத்திலும் டிரம் பிறேக். மலையில் தொடர்ந்து மிதித்தால் வாசம் முதலில் வரும், பிறகு பிறேக் போகும்.

இவ்வளவு தூரம் போய்த் திரும்பிய கார் விழுந்த இடம் நல்லூரில் ஓர் ஒழுங்கை. நடக்கிற வேகத்தில் முழுக்க வெட்டித் திருப்பும்போது முன் சக்கரம் மட்காட்டுக்குள் மடங்கிவிட்டது. மைனருக்கு உலகம் எங்கும் இந்த வியாதி உண்டு. முன் சக்கரத்தைத் தாங்கும் அச்சாணி கீழே ஒரு மரையில் திருகி நிற்கிறது. கிறீஸ் போடாவிட்டால் மரை தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். எனக்கு முன் வைத்திருந்தவருக்குக் கிறீஸ் துவக்கு என்று ஒன்று இருப்பதே தெரியாதுபோலும். நல்ல வேளை, இது பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் நடக்கும். கார் முக்கால் தொன் வரும். ஒழுங்கைக்காரர் கூடித் தூக்கி ஓரமாக வைத்தார்கள். "விற்கிற எண்ணம் இருக்கோ?" என்று அங்கேயும் ஒருவர் கேட்டார்.

உதிரிப் பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். அங்கே கிடைக்காதது இங்கிலாந்திலிருந்து வருகிறது. ஒரு விநோதம் சொல்கிறேன். 1990களில் மைனருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில் அடித்து, இங்கிலாந்தின் பாத் நகரில் இருந்த மொறிஸ் மைனர் நிலையத்துக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் கதவுத் தகடு உக்கினால் தகரப்பீப்பாவை வெட்டி ஒட்டினோம்.

மைனரை எவரும் பழுதாகாத கார் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் எது பழுதானாலும் பொனற்றைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். சைக்கிள் கடைக்காரருக்கும் விளங்கும். அதனால்தான் கலியாண ஊர்வலத்துக்கென்று பழைய காரை வாங்கி, உள்ளே ஜப்பான் டீசல் எஞ்சினைப் பூட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டை. வெளியே மைனர், உள்ளே வான். அப்படியென்றால் வானிலேயே மாப்பிள்ளையை ஏற்றலாமே.

வாங்க நினைக்கிற இளைஞர்களுக்கு ஒன்று. வெளிப் பூச்சைப் பார்த்து மயங்காதீர்கள். முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, இரண்டு சக்கரத்தையும் மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அந்த மரைகளின் விலையைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். நன்றி, வணக்கம்.