மூடி மட்டும் ஏன் வெடிச்சுது? தேக்குப் பெட்டி செஞ்ச கதை

(மூடி பொளந்தப்ப எடுத்த படம், விரிசல் கிட்டத்துல தெரியுது)

இந்தக் கோடு தெரியுதா? இது டிசைன் இல்லைங்க, சித்திரை மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு ஹால்ல யாரோ ஊசிப்பட்டாசு போட்ட மாதிரி ஒரு சத்தம், ஓடிப்போய் லைட்டப் போட்டுப் பாத்தா மூடி ஒரு ஓரத்துல இருந்து பாதி வரைக்கும் பொளந்து கெடக்கு. ஆறு மாசம் லீவு நாள்ல உக்காந்து செஞ்ச பெட்டி. அம்மா எந்திரிச்சு வந்து பாத்துட்டு "மரம் சரியில்ல போலடா"ன்னாங்க. நானும் அப்படித்தான் நம்பினேன், நம்மமேல தப்புன்னு யாருக்குத் தோணும்.

சரி, முதல்ல இருந்து வர்றேன். காரைக்குடி பக்கம் போனவங்களுக்கு முனீஸ்வரன் கோயில் தெரு தெரிஞ்சிருக்கும், பழைய வீட்டுச் சாமான் விக்கிற கடைங்க வரிசையா இருக்கும். அங்க ஒரு பழைய கதவு கெடச்சுது, தேக்கு, அதுல இருந்த பலகைங்களக் கழட்டித்தான் மூடி செஞ்சேன். பெட்டி மூணு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், பலகை முக்கால் இன்ச் கனம்.

மொத அடி எங்க வாங்குனேன்னா, இழைப்புளியில. பழைய மரத்துல ஆணி தலை ஒடிஞ்சு உள்ளயே கெடக்கும், வெளியில இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, நான் பாட்டுக்கு இழைக்க, 'டிக்'னு ஒரு சத்தம், அவ்ளோதான், வாயில பல்லு போன மாதிரி பிளேடுல ஒரு ஓட்டை. அப்புறம் இழைச்ச இடமெல்லாம் நீளத்துக்கு ஒரு கோடு விழுது. ஒரு காந்தத்த எடுத்துப் பலகைமேல மெதுவா தடவியிருந்தா போதும், இருக்குற இடத்துல சுண்டி இழுக்கும்.

அடுத்தது அளவு. வெளி அளவு மூணு அடி, அதனால அடிப்பலகையும் மூணு அடின்னு வெட்டிட்டேன். ரெண்டு பக்கமும் முக்கால் இன்ச் பலகை நிக்குதுல்ல, உள்ள ஒன்றரை இன்ச் கம்மியா வருமே. சிரிங்க சிரிங்க, நான் வெட்டுனது அதிகமா இருந்ததால தப்பிச்சேன், கம்மியா வெட்டியிருந்தா பலகையே போச்சு.

நாலு மூலையையும் டவ்டெயில்ல கோத்தேன், விசிறி மாதிரி விரிஞ்ச பல்லு ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டுறது. அதுல பெருசா தப்பு நடக்கல. ஒரே ஒரு பல்லு மட்டும் கோட்டுக்கு அந்தப்பக்கம் அறுத்துட்டேன். எடுக்கவேண்டிய பக்கத்துல பென்சில்ல பெருக்கல் குறி போட்டுட்டு ரம்பத்தத் தொடுங்க.

இப்ப மூடிக்கு வருவோம். மூணு பலகைய பக்கவாட்டுல ஒட்டி ஒன்றரை அடி அகலம் ஆக்குனேன். வளையாம இருக்கணும்னு அடியில குறுக்க ரெண்டு சட்டம், ஃபெவிகாலும் போட்டு ஸ்க்ரூவும் போட்டு இறுக்கியாச்சு. ஐப்பசி அடைமழை நேரம். அப்ப மனசுல என்ன நெனச்சேன்னா, இது நூறு வருஷ மரம், இனிமே இது எங்க அசையப்போகுதுன்னு.

அங்கதாங்க தப்பு. மரத்துக்கு எத்தன வயசானாலும் காத்துல இருக்குற ஈரத்தக் குடிக்கும், வெயில் வந்தா விடும். விளக்குமாத்த தண்ணியில ஊறப்போட்டா என்ன ஆகும்? பருக்கும், நீளுமா? நீளாது. மரமும் நீளவாட்டுல குச்சிக்கட்டு மாதிரிதான், ஈரம் ஏறுனா அகலத்துலதான் உப்பும், நீளத்துல மாறுறது கண்ணுக்கே தெரியாது. தேக்கு மத்த மரத்தவிட கம்மியாத்தான் அசையும், அதுக்கே ஒன்றரை அடி மூடி மழைக்கும் வெயிலுக்கும் நடுவுல மூணு மில்லிமீட்டர் கிட்ட மாறும். மூடி சுருங்கப் பாக்குது, அடியில இருக்குற சட்டத்துக்கு அது நீளவாட்டு, அது சுருங்காது, ரெண்டையும் நான் பசை போட்டு ஒட்டி வெச்சிருக்கேன். எது விட்டுக்கொடுக்கும்? பலகைதான் பொளக்கும்.

பக்கத்துத் தெருவுல மரவேலை செய்யுற அண்ணன் ஒருத்தர் வந்து பாத்தார், அடியில குனிஞ்சு சட்டத்த ஒரு தட்டு தட்டிட்டு, "தம்பி, மரத்தக் கட்டிப்போட்டுட்டியேப்பா. இந்தப் பலகை எங்க இருந்துச்சு?"ன்னார். கதவுலண்ணேன்னேன். "கழட்டும்போது கஷ்டமா இருந்துச்சா?"

இல்லைங்க. உருவுன உடனே வந்துச்சு, ஏன்னா அதுல பசையே கிடையாது. கதவச் சுத்தி இருக்குற சட்டத்துல காடி, அதாவது நீளமா ஒரு பள்ளம், எடுத்து பலகைய அதுக்குள்ள சும்மா நிக்க விட்டிருந்தாங்க. (தேய்க்காம மிஞ்சுன பழைய பலகையோட ஓரம்) இதப் பாருங்க, ஓரத்துல பாலிஷ் படாம வெளுப்பா ஒரு கோடு ஓடுது, காடிக்குள்ள இருந்த இடம், இவ்ளோ தூரம் அது உள்ளயும் வெளியயும் போய்வர வழி விட்டிருக்காங்க. அத்தன வருஷம் பொளக்காம நின்னதுக்குக் காரணம் என் கையிலயே இருந்திருக்கு, அழுக்குன்னு நெனச்சு உப்புத்தாள் போட்டுத் தேச்சு விட்டேன்.

எப்படி சரிபண்ணேன்னா, சட்டத்தப் பேத்து எடுத்தேன் (ஒருநாள் முழுக்க ஆச்சு, ஃபெவிகால் லேசுல விடுமா), விரிசல் வழியாவே முழுசா அறுத்து, ரெண்டு விளிம்பையும் இழைச்சுத் திரும்ப ஒட்டுனேன். தேக்குல எண்ணெய் உண்டு, அதனால இழைச்ச அன்னைக்கே தின்னர்ல தொடச்சுட்டு ஒட்டணும், நாலு நாள் போட்டுவெச்சா பிடிப்பு கொறையும். அகலத்துல அஞ்சு மில்லி போச்சு, நல்லவேளை முன்னாடி கொஞ்சம் நீட்டி விட்டிருந்தேன். சட்டத்த இந்தவாட்டி பசையில்லாம ஸ்க்ரூவுல மட்டும் பிடிச்சேன், நடு ஸ்க்ரூ இறுக்கமா, ஓரத்து ஸ்க்ரூக்கு மட்டும் சட்டத்துல ஓட்டைய நீளமா அறுத்து, பலகை நகர்ந்தா ஸ்க்ரூவும் கூடவே நகர்ற மாதிரி.

கீல் போடும்போது இன்னொன்னு, பித்தள ஸ்க்ரூ ரொம்ப மெது, தேக்குல நேரா முறுக்குனா தலை தனியா கையோட வந்துரும், எனக்கு ரெண்டு வந்துச்சு. முதல்ல சின்ன ஓட்டை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவ ஒருதடவ ஏத்தி எறக்குங்க, அப்புறம் பித்தளையில மெழுகு தடவி ஏத்துங்க, வெண்ணெய்ல போற மாதிரி போகும்.

மூடி முன்னாடி ஒரு பட்டை தொங்குதுல்ல, அதுக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒத்த ரூபா காசு கார்த்திகையில நுழையுது, சித்திரையில நுழைய மாட்டேங்குது. மாத்திச் சொல்றேன்னு நெனைக்காதீங்க. மழையில மூடி உப்பி முன்னாடி தள்ளிட்டுப் போகுது, பட்டையும் கூடவே போகுது, அதான். இப்பல்லாம் அம்மா அந்தக் காசப் போட்டுப் பாத்துட்டுத்தான் துணிய வெளிய காயப்போடலாமா வேண்டாமான்னு சொல்றாங்க.