நூற்று எண்பது ரூபாய்ப் பையும் பாகாயம் பஸ்ஸும்

வணக்கம். மொட்டை மாடிக்கு வந்துவிட்டேன். பின்னால் கேட்கும் சலசலப்பு மழை இல்லை. காட்பாடியில் மழை பெய்தால் நானே முதலில் கத்திச் சொல்லிவிடுவேன். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது, மோட்டாரை நிறுத்த ஆளில்லை.

போன வாரம் சொன்னபடி இன்று இலவம்பாடி முள் கத்தரிக்காயில் எண்ணெய்க் குழம்பு வைத்துக் காட்டியிருக்க வேண்டும். காய் கீழே கூடையில் இருக்கிறது. புவிசார் குறியீடு வாங்கிய காய், ஒரு நாள் பொறுத்துக்கொள்ளும். இன்று இந்தப் பையைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். எனக்கு அவ்வளவு எரிச்சல்.

தெரிகிறதா? கருநீல ரெக்சின் பை. லாங்கு பஜாரில் வாங்கியது. கடைக்காரர் 220 என்றார், அம்மா 120 என்றார். அவர் 200 என்று இறங்க, இவர் 130 என்று ஏற, நடுவில் அம்மா நான்கு அடி நடந்துபோய்த் திரும்பினார். பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நடை தெரியும், புடவைக் கடையிலும் அதே நடைதான். கடைசியில் 180-க்கு முடிந்தது. இதே பை, இதே நிறம், ஜிப் இல்லாமல் 150. ஆக ஜிப்புக்கு மட்டும் 30 ரூபாய். வாங்கிப் பதினொரு நாள்தான் ஆகிறது. இப்போது பாருங்கள், ரன்னர் ஒரு பக்கப் பல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, இன்னொரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. மெழுகுவர்த்தி தேய்த்தேன். இடுக்கியால் நசுக்கினேன். பயனில்லை.

காய்கறிப் பைக்கு ஜிப் எதற்கு என்று கேட்பீர்கள். இது காய்கறிப் பை இல்லை. என்னுடைய மருந்துச் சீட்டுக் கோப்பு யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்காக அம்மா தேடித் தேடி வாங்கிய பை. கடையிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, உள்ளே வைத்து, மேலே துருத்துகிறதா என்று அளந்து பார்த்து வாங்கினார்.

இதை நான் இதுவரை சொன்னதில்லை. நடுவில் இரண்டு மாதம் வீடியோ போடாமல் இருந்தேனே, காய்ச்சல் என்று சொன்னேனே, அது காய்ச்சல் இல்லை. எந்தக் காய்ச்சல் இரண்டு மாதம் இருக்கும்? நீங்களும் கிளறிக் கேட்கவில்லை, நல்லவர்கள். எனக்கு இருப்பது பதற்ற நோய். பாகாயத்துக்குப் போய்வருகிறேன்.

வேலூர்க்காரர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சென்னையில் கீழ்ப்பாக்கம் என்று சொன்னால் எப்படிச் சிரிப்பார்களோ, எங்கள் ஊரில் பாகாயம் என்றால் அப்படி. அங்கே சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரியும் அங்கேதான், ஊராரின் வீடுகளும் அங்கேதான். ஆனால் பள்ளியில் ஒருத்தி கொஞ்சம் தனியாகப் பேசிச் சிரித்தால் போதும், "பாகாயம் பஸ்ஸில் ஏற்றிவிடட்டுமா?" என்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். எட்டாம் வகுப்பில், ஜன்னலோரம் உட்காரும் ஒரு பெண்ணிடம். அவள் சிரிக்கவில்லை, ஜியோமெட்ரி பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். இப்போது அதே பஸ்ஸில் நான் போகிறேன்.

பஸ் கதைக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை காட்பாடியில் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ், ஜன்னலோர இடம், பாலாற்றுப் பாலத்தில் காற்று. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஓட்டேரிப் பக்கம் ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. ஜிப் பிளந்து, கோப்பு வழுக்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கை வரைக்கும் போய்விட்டது. என் பெயர், வயது, மாத்திரைச் சீட்டு, எல்லாம் பஸ் தரையில். நடத்துநர் குனிந்து எடுத்தார், மேலே எழுதியிருந்ததைப் பார்த்தார். எனக்குக் காதுக்குள் ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. அவர் கோப்பை என் மடியில் வைத்துவிட்டு, "அடுத்த நிறுத்தம்தான்மா, முன்பக்கமாக வந்துவிடு" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆளிடம் சில்லறைக்குச் சண்டை போடப் போய்விட்டார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அதற்கு முன்பே, அதே பஸ்ஸில், எங்கள் பக்கத்துத் தெரு அத்தை ஒருவரும் அவருடைய மகளும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்தது பாகாயத்தில் இறங்கிய பிறகு. கேட்டுக்குப் பக்கத்தில் மூன்று பேரும் முகத்துக்கு முகம் மோதிக்கொண்டோம். அத்தை முந்திக்கொண்டார்: "இவளுக்குக் கண் காட்ட வந்தோம்மா, கரும்பலகை மங்கலாகத் தெரிகிறதாம்." கண் மருத்துவமனை ஆரணி சாலையில் இருக்கிறது என்பது வேலூரில் பால்காரர் வரைக்கும் தெரியும். நானாவது சும்மா இருந்தேனா? "இங்கே படிக்கிற தோழி ஒருத்தியைப் பார்க்க வந்தேன் அத்தை" என்றேன். கல்லூரி அங்கேயே இருப்பதால் என் பொய் அவருடைய பொய்யைவிடத் தரமானது. ஒரு நிமிடம் அதில் பெருமைகூட வந்தது, வெட்கக்கேடு. பிறகு மூன்று பேரும் வேறு வேறு பக்கம் நடந்து, பத்து நிமிடம் கழித்து ஒரே வரிசை நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தோம். அத்தை கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் அன்று இரவே எனக்குச் செய்தி அனுப்பினாள். இதை வீடியோவில் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுங்கள் அக்கா, பெயரும் தெருவும் வேண்டாம்" என்றாள். அதனால் யார் என்று ஆராயாதீர்கள். பதினேழு வயது, அது போதும். ஒரு வருடமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்குவதில்லை. வீட்டில் முதலில் அல்சர் என்றார்கள், பிறகு ரத்தசோகை, பிறகு கண் திருஷ்டி. என் கதையும் இதேதான். பிளஸ் டூ படிக்கும்போது நடுராத்திரியில் நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, செத்துவிடுவேன் என்று எழுந்து உட்காருவேன். இசிஜி எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், கண்ணாடி மாட்டினார்கள், தர்காவில் ஓதிக் கயிறு கட்டினார்கள், அமாவாசை அன்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். யாரும் என்னை அலட்சியம் செய்யவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அப்பா கடன் வாங்கித்தான் ஸ்கேன் எடுத்தார். ஆனால் "மனசுக்கு என்னம்மா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தலைவலி என்றால் மாத்திரை கிடைக்கும், பயமாக இருக்கிறது என்றால் அறிவுரை கிடைக்கும். எந்தப் பிள்ளையும் தலைவலி என்றுதான் சொல்லும்.

மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவ நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் 13 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. ஐம்பது பேர் வகுப்பென்றால் மூன்று, நான்கு பேர். எங்கள் வகுப்பில் ஜன்னலோரம் ஒருத்தி, மூன்றாவது வரிசையில் நான். மற்ற இரண்டு பேர் யார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு கணக்கு. யுனிசெஃப் 2021-இல் 21 நாடுகளில் 15 முதல் 24 வயது வரையுள்ளவர்களிடம் கேட்டது: மனநலச் சிக்கல் வந்தால் உதவி கேட்பது நல்லதா? சராசரியாக 83 சதவீதம் பேர் நல்லது என்றார்கள். இந்தியாவில் 41 சதவீதம். ஏன் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் இந்த ஜிப்பைக் காட்டுவேன்.

எனக்கு அறவே பிடிக்காத இன்னொன்று, செய்தித்தாள் மூலையில் வரும் அந்தத் "தீராத வயிற்றுவலி". இளம்பெண், தீராத வயிற்றுவலி, விபரீத முடிவு, நான்கு வரி. சின்ன வயதில் வயிற்றுவலி உயிரையே எடுக்கும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். அந்தப் பொய்க்கு மானம் மட்டும் காரணமில்லை, போலீஸ் வழக்கு ஆகிவிடும் என்ற பயமும் இருந்தது. இன்று அந்தப் பயத்துக்கு வேலையில்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர், மாறாக நிரூபிக்கப்படாத வரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்த முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு அப்படியே இடம்பெறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இதைப் படித்திருக்கமாட்டார், அது வேறு.

அதே 2017 சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க எனக்கு உரிமையும் தந்திருக்கிறது. "அப்படியானால் ஜிப் போட்டது சரிதானே" என்று அம்மா மடக்கினார். யாரிடம் சொல்வது என்று நான் முடிவு செய்ய வேண்டும் அம்மா, லாங்கு பஜார் ரன்னர் முடிவு செய்யக் கூடாது என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். இருபத்தாறு வருடமாக என்னிடம் சொல்லாத கதை. சொல்லலாமா என்று அவரிடமும் கேட்டுவிட்டேன். "மாமாவே போய்விட்டார், இனி யாருக்கு என்ன" என்றார்.

எனக்கு ஒரு தாய்மாமா இருந்தார். எனக்கு ஆறு வயதாகும்போது இறந்துவிட்டார். திண்ணையில் உட்காராமல் உள்ளறையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார், அது மட்டும் நினைவிருக்கிறது. 1989-இல், அம்மா பத்தாம் வகுப்பு படிக்கும்போது, மாமாவுக்கு யாரோ காதில் பேசுவதுபோலக் கேட்க ஆரம்பித்தது. ஆயா, அதாவது அம்மாவின் அம்மா, அவரைப் பாகாயத்துக்கு அழைத்துப்போனார். அங்கே 1960-களிலேயே நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்க வேண்டும் என்ற முறை இருந்தது. சங்கிலி, பூட்டு என்று மற்ற இடங்களில் பேசிக்கொண்டிருந்த காலத்தில், குடும்பத்தையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த இடம். ஆயாவும் தங்கினார். தெருவுக்குச் சொன்னது: திருப்பதியில் வேண்டுதல், பெருமாளுக்குச் சேவை.

வாரக்கணக்கில் சேவை செய்துவிட்டு லட்டு இல்லாமல் திரும்ப முடியுமா? ஆயா பாகாயத்திலிருந்து வந்த அன்றே கடலை மாவு கரைத்து, பூந்தி பொரித்து, கதவைச் சாத்திக்கொண்டு லட்டுப் பிடித்தார். பச்சைக் கற்பூரம் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாராம், கோயில் வாசம் வருவதற்காக. மாமாவுக்கு முடிதிருத்தும் கடையில் மொட்டை. பதினைந்து வயது அம்மா கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிரசாதம் கொடுத்திருக்கிறார். எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள். "பாவம் வரும் என்று பயந்துகொண்டே கொடுத்தேன்" என்றார்.

மாமாவுக்கு மாத்திரையில் நன்றாகத்தான் இருந்ததாம், கடைக் கணக்கெல்லாம் எழுதினாராம். ஆனால் மாதாமாதம் மாத்திரை வாங்கப் போக வேண்டும். மாதாமாதம் திருப்பதிக்குப் போவதாகச் சொல்ல முடியுமா? மூன்றாவது மாதம் நிறுத்திவிட்டார்கள். பிறகு அம்மாவைப் பெண் பார்க்க வந்த அன்று மாமாவைக் குடியாத்தத்தில் உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டார்கள். இரவு திரும்பி வந்ததும் "மாப்பிள்ளை உயரமா?" என்று மட்டும் கேட்டாராம். இதைச் சொல்லும்போது அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கல்லே இல்லாத அரிசி.

அதற்குப் பிறகு ஜிப்பைப் பற்றி அவரிடம் கத்த எனக்கு வாய் வரவில்லை. கடைக்காரரிடம் கத்துவேன், அது வேறு கணக்கு.

எங்கள் ஊரைப் பற்றி நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று சொல்வார்கள் இல்லையா? கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரரைச் சத்துவாச்சாரியில் வைத்திருந்து, 1981-இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். சாமியையே அத்தனை காலம் வேறிடத்தில் வைத்திருந்த ஊர், மாமாவை வைக்காதா என்று அப்பா நேற்று சொன்னார். அப்பா இந்த விஷயத்தில் வாயைத் திறந்தது அதுதான் முதல் முறை. மற்றபடி நான் மருத்துவமனைக்குப் போகும் நாளுக்கு முந்தின இரவு என் ஸ்கூட்டரில் பெட்ரோல் நிரம்பியிருக்கும், யார் போட்டது என்று பேச்சே வராது. ஸ்கூட்டர் இருக்க ஏன் பஸ்ஸில் போனேன் என்று கேட்பீர்கள். தூக்க மாத்திரை தொடங்கிய முதல் சில வாரம் வண்டி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

அந்தப் பதினேழு வயதுப் பெண்ணுக்கு 14416 என்ற எண்ணைக் கொடுத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மறுநாள் காலை "பேசினேன் அக்கா, மாடிப்படியில் உட்கார்ந்து" என்று எழுதியிருந்தாள். அடுத்த செவ்வாய் மூன்று பேரும் சேர்ந்தே போகலாமா என்று கேட்டிருக்கிறாள். அத்தைக்குத் தெரியுமா என்றேன். "அம்மாதான் கேட்கச் சொன்னார்" என்றாள். கண் எப்படி இருக்கிறது என்று அத்தையைக் கேட்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, பை. நாளை லாங்கு பஜார் போகிறேன், பில் இல்லை, இருந்தாலும் போகிறேன். மாடிக்கு ஏறி வரும்போது அம்மாவிடம் சொன்னேன், மாற்றித் தரச் சொல்லிச் சண்டை போடப்போகிறேன் என்று. அவர் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே, "ஜிப் இல்லாததையே கேள், 30 ரூபாயைத் திருப்பி வாங்கிக்கொண்டு வா" என்றார்.

புளியா? அப்படியானால் கத்தரிக்காயை இன்றைக்கே வெட்டிவிட்டார் போலிருக்கிறது. இருங்கள், கீழே போய்ப் பார்க்கிறேன்.