பெற்றோரைத் தாக்கும் பிள்ளைகள்: ஆய்வில் பால் வேறுபாட்டை எப்படிப் பார்ப்பது?

அவையோர்க்கு வணக்கம்.

பிள்ளைகள் பெற்றோரைத் தாக்குவது பற்றி 1979ஆம் ஆண்டிலேயே ஹார்பின், மாடன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆயினும், கை நீட்டுவது மகனா மகளா என்று கேட்டால், தரவை எங்கிருந்து எடுத்தோம் என்பதைப் பொறுத்தே இன்றும் விடை அமைகிறது.

இலண்டன் மாநகரக் காவல்துறையிடம் 2009-10இல் ஓராண்டுக்குள் பதிவான 1,892 புகார்களைக் கான்ட்ரி, மைல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட பதின்பருவத்தினரில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் ஆண்கள். பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ 77 விழுக்காட்டினர் பெண்கள். ஆனால், பொதுமக்களிடையே வினாத்தாள் கொடுத்து நடத்தப்படும் பல ஆய்வுகளில் மகனுக்கும் மகளுக்கும் இடையே இவ்வளவு பெரிய வேறுபாடு தெரிவதில்லை. சிலவற்றில் வேறுபாடே இல்லை. இரண்டில் ஒன்று பொய் என்று முடிவுகட்டுவது அவசரம். காவல்துறையை அழைக்கும் நிலைக்கு வருவது பெரும்பாலும் காயமோ அச்சமோ எல்லை மீறிய பிறகுதான். வினாத்தாளோ பெரும்பாலும் நடந்த செயலையே கேட்கிறது.

குடும்ப வன்முறையை அளக்க மரே ஸ்ட்ராஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் உருவாக்கிய மோதல் உத்திகள் அளவுகோல் என்ற வினாத்தாளும் அதன் வழிவந்தவையும் தள்ளியதுண்டா, அறைந்ததுண்டா, எத்தனை முறை என்று கேட்பவை. கைப்பேசியைப் பிடுங்க வந்த தாயை ஒரு மகள் தள்ளிவிடுகிறாள். அது ஒரு செயலாகப் பதிவாகிறது. தாயைவிட ஓரடி உயர்ந்த மகன், பணம் தரும்வரை ஒன்றும் பேசாமல் வாசலை மறித்து நிற்கிறான். அதற்கு அந்த வினாத்தாளில் கட்டமே இல்லை. அன்றிரவு கதவைத் தாழிட்டுப் படுப்பது எந்தத் தாய் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அச்சத்தையும் உடல் வலுவையும் கேட்காத கருவியைக் கொண்டு பாலினச் சமநிலை கண்டதாக அறிவிப்பது, என் பார்வையில், அளவுகோலின் குறையை உலகின் இயல்பாகக் காட்டுவதாகும்.

தாயே மிகுதியாக இலக்காகிறார் என்பது இருவகை ஆய்வுகளிலும் பெரிதும் ஒத்துவரும் முடிவு. பிள்ளைகளோடு அதிக நேரம் இருப்பவரும், கட்டுப்பாடுகளை அன்றாடம் செயல்படுத்துபவரும் பெரும்பாலும் அவரே என்பது ஒரு காரணம். தந்தை தாயை அடிப்பதைக் கண்டு வளர்ந்த பிள்ளை, தாயை அடிக்கலாம் என்று கற்றுக்கொள்வது இன்னொன்று. (அப்படி வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் கை நீட்டுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) இத்தனைக்கும் பிறகு, ‘வளர்ப்பு சரியில்லை’ என்ற பழி தாயின் தலையிலேயே விழுவதால், அவர் புகார் கொடுக்கத் தயங்குகிறார்.

தந்தையரின் நிலை வேறு. மகனிடம் அடிவாங்கினேன் என்று சொல்ல ஆண்மை பற்றிய கற்பிதம் இடங்கொடுப்பதில்லை. நேர்காணலுக்கு முன்வருவோரில் அவர்கள் மிகக் குறைவு. ஆகவே நம் கையிலுள்ள விவரிப்புகள் பெரும்பாலும் தாய்மார்களுடையவை. தாக்கிய பிள்ளைகளிடம் தனியே பேசிய ஆய்வுகளும் சொற்பம். மகள்களைப் பற்றியவை அதனினும் சொற்பம். இருதரப்பையும் கேட்கும்போது, ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாதவாறு தனித்தனி இடத்தில், தனித்தனி ஒப்புதலுடன் கேட்க வேண்டும். நேர்காணல் முடிந்ததும் இருவரும் ஒரே வீட்டுக்குத்தான் திரும்புகிறார்கள்.